சுண்டுவிரல் ஆட்டம்

குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸில், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மொட்டை மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் கூடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் சுண்டுவிரலில் தன் சுண்டுவிரலை மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் ஒரு வரி பாடுவார். மற்றவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். வரிசை இடப்பக்கமாக நகரும். மாட்டிய கைகளெல்லாம் ஒரே நேரத்தில் முன்பக்கம் உருண்டு எழுந்து, பின்பக்கம் இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கொடியில் காயும் பெட்ஷீட்டுகளை எடுக்க நான் அந்த நேரத்தில்தான் மேலே போகவேண்டியிருக்கும். பாட்டு காதில் விழுந்ததுமே என் வலது கை தானாக முந்தானைக்குள் போய்விடும். என் கைக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் பல் விளக்கியதும் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன். மகள் தூங்கும்போது அவள் விரல்களையும் தொட்டுப் பார்ப்பேன். லேசாகக் கிள்ளியும் பார்ப்பேன். அவள் தூக்கத்தில் சிணுங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒன்றும் வராது, உனக்கு மனசில்தான் கோளாறு என்று வீட்டுக்காரர் திட்டுவார். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எதையும் விவரமாக எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பயப்படத் தெரியும்.

அந்த ஆட்டத்தின் பெயர் ஆன்த்ரோ என்று கெஸ்ட் ஹவுஸ் சமையல்கார அண்ணன் சொன்னார். 'சுற்று' என்று அர்த்தமாம். பிரான்சிலேயே மேற்கு மூலையில் கடலோரமாக பிரெத்தாஞ் என்று ஒரு சீமை இருக்கிறதாம். அந்தச் சனங்களுடைய ஆட்டமாம். பாட்டுகூடப் பிரெஞ்சு இல்லை, அவர்களுக்கென்று தனிப் பாஷை. எனக்குப் பெயர்தான் புதுசு. ஆட்டத்தை நான் நாலாவது படிக்கும்போதே பார்த்துவிட்டேன். மாடியில் இல்லை. மரக்காணம் உப்பளத்தில், கணுக்கால் புதைகிற களியில்.

உப்புப் பாத்தியை மிதிப்பதைப் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். மழைக்காலத்தில் அளம் முழுக்க ஏரி மாதிரித் தண்ணீர் நிற்கும். அது வடிந்து, பொங்கலும் கழிந்த பிறகு பாத்தியின் தரையைப் புதுசாகக் கட்டவேண்டும். தரையில் சின்ன வெடிப்பு இருந்தாலும் விட்ட தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். அதனால் பெண்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு சவுக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து களியை மிதிப்பார்கள். ஒருத்தி கால் எடுத்த பள்ளத்தில் அடுத்தவளுடைய கால் விழவேண்டும். இடைவெளி விட்டால் வரப்பிலிருந்து மேஸ்திரி கத்துவார்.

மிதிக்கிற அன்றைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிகிற வரைக்கும் யாரும் கை கழுவ மாட்டார்கள். அங்கே கழுவுவதென்றால் வாய்க்காலில் நிற்கிற உப்புத் தண்ணீரில்தான். களி காய்ந்து வெடித்த தோலில் அது பட்டால் மிளகாயைத் தேய்த்த மாதிரி எரியும். கஞ்சி குடிக்கிற நேரத்தில் குடிதண்ணீர் கேனிலிருந்து விரல் நனைகிற அளவுக்கு ஊற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வேலை நடுவில் வாய்க்கால் பக்கம் போகிறவளைக் கண்டால், பட்டணத்துப் பொண்ணு வந்துட்டாடி என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

அம்மா எப்போதும் வரிசையின் வலப்பக்கக் கோடியில்தான் நிற்பாள். அவளுக்கு அந்தப்பக்கம் ஆள் கிடையாது. வலது கையில் கம்பு. அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களையும் சேர்த்துப் பழைய புடவைத் துணியைச் சுற்றியிருப்பாள். உப்பு வாருகிற பெண்கள் கொப்புளத்துக்குப் பயந்து துணி சுற்றுவது சகஜம் என்பதால் யாரும் ஏனென்று கேட்டதில்லை. துணிக்கு உள்ளே அந்தச் சுண்டுவிரல் மடங்கிப்போயிருந்தது. நீட்டினால் நீளாது. சூடு பட்டால் தெரியாது. ஒரு நாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியவள், கருகின வாசனை வந்த பிறகுதான் குனிந்து தன் விரலைப் பார்த்தாள்.

அது தொழுநோய். எங்கள் பக்கம் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். 'பெரிய வியாதி' என்று குரலை இறக்கிக்கொள்வார்கள். அம்மாவையும் சித்தியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும்கூட. சித்தி அம்மாவின் தங்கை. இதே குயிலாப்பாளையம் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். மாசம் ஒரு தடவை அக்காவும் தங்கையும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை அட்டை வாங்கி வருவார்கள். அந்த மாத்திரையில் அம்மாவின் முகம் கறுத்தது. வெயிலில் கறுத்துவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். உப்பளத்தில் கறுக்காதவள் யார்?

மாத்திரை தின்ன ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அது யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தாராம். அளத்தில் அதை யார் போய்ச் சொல்வது? விரல் வெளியே தெரிந்தால் மறுநாளிலிருந்து வரிசையில் இடம் கிடையாது. தண்ணீர்க் கேனைத் தொட விடமாட்டார்கள். அப்பா வீட்டு ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். அந்த வருஷம் முழுக்க அம்மா ஒரு துணித்துண்டுக்குள்ளேதான் குடித்தனம் நடத்தினாள்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெருவில் போகும்போது அம்மா என்னை இடது கைப்பக்கமே நடத்திக் கூட்டிப்போவாள். அவளுக்கென்று தனித்தட்டு, தனி டம்ளர். எனக்குக் காய்ச்சல் வந்தால் கரண்டியால்தான் ஊட்டுவாள். கரண்டியால் ஊட்டுவது சித்தி வேலை செய்கிற வெள்ளைக்கார வீட்டுப் பழக்கம் என்று நானாக முடிவுசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லாததால் அம்மா என்னையும் அளத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். வரப்பில் உட்கார்ந்து தண்ணீர்க் கேனுக்குக் காவல் இருப்பது என் வேலை. வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் சித்தி. ஓட்டி வந்தது அவளுடைய பிரெஞ்சுக்காரம்மா. மதாம் என்றுதான் சித்தி கூப்பிடுவாள், அதனால் நாங்களும் மதாம். ஒல்லியாக, உயரமாக, நரைத்த தலையைக் கொண்டை போட்டிருந்தார். கழுத்தில் கேமரா, கையில் ஒரு தகர டப்பா. அவர் ஊரிலும் உப்பளம் உண்டாம். எங்கள் அக்காள் உப்புப் பாத்தி மிதிக்கிறாள் என்று சித்தி எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தே ஆகவேண்டும் என்று வந்துவிட்டார். சொல்லியிருக்கவே கூடாது என்று சித்தி பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

மதாம் வரப்பில் நின்று, மிதிக்கிற கால்களையே பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, தன் தொடையில் தட்டிக்கொண்டு சித்தியிடம் பிரெஞ்சில் படபடவென்று பேசினார். சித்தி அதை எங்களுக்குச் சொன்னாள்.

"அவங்க ஊர்லயும் இப்படித்தான் மிதிப்பாங்களாம். புதுசா மண்தரை போட்டா ஊரையே கூப்பிட்டு அதுமேல ஆடச் சொல்லுவாங்களாம். ஆடி ஆடியே தரை இறுகிடுமாம்."

"கூலி இல்லாம வேலை வாங்க நல்ல வழி," என்றாள் அத்தை. "மேஸ்திரி காதுல போட்டுறாத."

அத்தை அப்பாவின் தங்கை. வரிசையில் அம்மாவுக்கு அடுத்து நிற்பவள். அளத்திலேயே பெரிய வாய். அவள் பேசினால் மற்றவர்கள் சிரிப்பதற்குத் தயாராக இருப்பார்கள். ஆனால் மேஸ்திரி காதில் அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. கேமராவைப் பார்த்ததும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு பாத்தி ஆடிக் காட்டட்டுமா, இவர்களுக்கும் சொல்லித்தரட்டுமா என்று மதாம் சித்தி மூலமாகக் கேட்டபோது உடனே தலையாட்டிவிட்டார். தரை இறுகாவிட்டால் திரும்ப மிதிக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய கண்டிஷன்.

"நீயும் வா மேஸ்திரி, நடுவுல நில்லு. உன் பொண்டாட்டிகிட்ட நாங்க சொல்ல மாட்டோம்," என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு.

மதாம் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக் களியில் இறங்கினார். முதல் காரியமாகக் கம்புகளை வரப்பில் போடச் சொன்னார். நான்தான் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். அம்மாவின் கம்பை வாங்கப் போனபோது அவள் உடனே கொடுக்கவில்லை. நான் இழுத்தேன். அவள் பிடி விடவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். அப்புறம்தான் விட்டாள்.

அடுத்து, ஒருத்தர் சுண்டுவிரலில் ஒருத்தர் சுண்டுவிரலை மாட்டச் சொன்னார் மதாம். சித்தி அதைத் தமிழில் சொல்வதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, அக்காவுக்குக் காலையிலிருந்து தலைசுற்றல், அவள் மட்டும் வரப்பில் உட்காரட்டும் என்றாள். இவ்வளவு நேரம் மிதித்தவளுக்கு ஆட மட்டும் தலை சுற்றுமா என்று மேஸ்திரி கேட்டார். அத்தை அதற்குள் அம்மாவின் இடது கை விரலைப் பிடித்து மாட்டிவிட்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, உனக்கு மட்டும் கூடம் கோணலா?"

அம்மா வரிசையைப் பார்த்தாள். மதாம் இடப்பக்கக் கோடியில், வரிசையின் தலையில் நிற்கிறார். தான் வழக்கம்போல வலப்பக்கக் கோடியில், வாலில். வாலில் நிற்பவளுடைய வலது கையை யாரும் பிடிக்கப்போவதில்லை. கணக்குச் சரியாக இருந்தது. மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் எல்லாரும் ஏன் என்று பார்ப்பார்கள். துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் நின்றுவிட்டாள்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. மூன்று அடி இடப்பக்கம் நகர்ந்து, மூன்று அடி நின்ற இடத்திலேயே மிதிக்கவேண்டும். கை முன்னே உருண்டு, பின்னே போகும். பாட்டும் அப்படித்தான். ஒரு சின்ன வரி இரண்டு தரம், இன்னொரு சின்ன வரி இரண்டு தரம், மறுபடி முதலிலிருந்து. ஆனால் அதில் ஒரு வித்தை இருந்தது. மதாம் ஒரு வரியைப் பாடி முடிக்கிறதுக்குள், அதன் கடைசிச் சொல்லிலேயே மற்றவர்கள் ஏறிக்கொண்டு பாட்டை வாங்கவேண்டும். இவர்கள் முடிக்கிறதுக்குள் மதாம் வந்து வாங்கிக்கொள்வார். நடுவில் மூச்சுவிடுகிற அளவுக்குக்கூடச் சந்து கிடையாது. நாங்கள் களியில் கால் விடுகிற மாதிரிதான். ஒருத்தியின் கால் எடுபடும்போதே அடுத்தவள் கால் அங்கே விழுந்துவிடும்.

முதலில் சிரித்துச் சிரித்துத் தடுமாறினார்கள். பாஷை புரியாததால் அத்தை மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, "தன்னானே, மேஸ்திரி தலை மொட்டையானே" என்று திருப்பிப் பாடினாள். எல்லாரும் அதையே பாடினார்கள். மேஸ்திரிக்கு மொட்டை என்பது மதாமுக்கு எங்கே தெரியப்போகிறது, அவர் தலையாட்டிப் பாராட்டினார். மேஸ்திரி மட்டும் தலையைத் தடவிக்கொண்டார். அப்புறம் கால்கள் படிந்துவிட்டன. களி சளக் சளக்கென்று ஒரே தாளத்தில் மிதிபட்டது. எத்தனை சுற்று என்று தெரியவில்லை.

அம்மா சிரித்தாள். அளத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கை எப்போது முன்னால் வந்ததோ, மற்றக் கைகளோடு சேர்ந்து அதுவும் காற்றில் உருண்டுகொண்டிருந்தது. ஒரு வருஷமாக ராப்பகலாக அந்தக் கையையே காவல் காத்தவள், பாட்டு மூச்சுவிடச் சந்து கொடுக்காததால் அதை மறந்துவிட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானால்கூட இப்போதும் பயமாக இருப்பது இதனால்தான். மறந்த நேரத்தில்தான் எதுவும் நடக்கும்.

முதல் ஆளாக ஆடிக்கொண்டிருந்த மதாம், வரிசையை அப்படியே வளைத்துக்கொண்டு வந்தார். வால் எங்கே இருக்கிறதோ அங்கே தலை வந்து சேர்ந்தது. இனி வட்டமாக மூடி ஆடவேண்டும் போலிருக்கிறது. அவர் பாடிக்கொண்டே இடது கையை நீட்டி, அம்மாவின் வலது கையைப் பிடித்தார்.

துணி களியில் ஊறி வழவழவென்று இருந்தது. மாட்டிய விரல் வழுக்கியது. மறுபடி மாட்டினார், மறுபடி வழுக்கியது. பாட்டை நிறுத்தாமலே, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரிச் சாதாரணமாக, மதாம் அந்தத் துணியைச் சுற்றிச் சுற்றி உருவினார்.

அம்மா ஏன் கையை இழுத்துக்கொள்ளவில்லை என்று நான் யோசிக்காத நாளில்லை. இடது கையை அத்தை பிடித்திருந்தாள். கால் அடுத்த மிதிக்கு எழுந்திருந்தது. வாயில் வரி இருந்தது. அவள் இழுத்தபோது துணி மதாம் கைக்குப் போய்விட்டிருந்தது.

மற்றவர்களெல்லாம் விரலை மடக்க வேண்டியிருந்தது. அம்மாவின் விரல் ஏற்கெனவே மடங்கியிருந்தது. மதாமின் விரல் அதில் கதவுக் கொக்கியில் மாட்டினது போல உட்கார்ந்துகொண்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். அதுவரை எல்லாருடைய விரல்களும் நழுவி நழுவி ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன அல்லவா? அம்மாவின் கையைத் தலைக்கு மேலே தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"பாருங்கோ. இப்படி. இந்த அம்மா விரல், ரொம்ப சரி."

நல்ல வெயில். விரலில் சுட்ட காயம் ஆறாமல் வெளுத்திருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே, களி உதிர்ந்த இடத்தில் வெளிறின தேமல் ஒன்று இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

வரப்பில் நின்று நான் கைதட்டினேன். அத்தனை பேருக்கு நடுவில் வெள்ளைக்காரம்மா என் அம்மாவின் விரல்தான் சரி என்று சொல்லிவிட்டாரே!

மதாம் அடுத்த வரியைப் பாடினார். யாரும் வாங்கவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே அதே வரியை இன்னொரு தரம் பாடினார். அந்த வரி அளத்துக் காற்றில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வரப்பிலிருந்து நான் மட்டும் சத்தமாகத் திருப்பிப் பாடினேன்.

அத்தை அம்மாவின் இடது கையை விட்டாள். உதறவில்லை. எதையோ கீழே வைக்கிற மாதிரி மெதுவாக விட்டாள்.

"எத்தினி நாளா அண்ணி?"

அது கொப்புளம், அடுப்பு சுட்டுவிட்டது என்று சித்திதான் முந்திக்கொண்டு சொன்னாள்.

"நான் உன்னக் கேக்கல," என்றாள் அத்தை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். மறுநாள் மேஸ்திரி வீட்டு வாசலுக்கு வந்து, சண்டை சச்சரவு இல்லாமல், மரியாதையாகவே சொன்னார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா. நானே சொல்லி அனுப்புறேன்." அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அப்பா திட்டவோ அடிக்கவோ இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் அத்தை வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். பிறகு பாயையும் எடுத்துக்கொண்டு போனார். பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், பொங்கலுக்கு வந்தால் அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒரு பெஞ்ச் முழுக்க எனக்கே என்று ஆனது. பெரிய பெஞ்சில் தனியாக உட்கார்ந்து படிப்பது ரொம்ப நாள் முடிகிற காரியமில்லை.

அம்மா மாத்திரையை ஒரு வேளை விடாமல் தின்று முடித்தாள். குணமாகிவிட்டது, இனி நீ யாரைவிடவும் குறைந்தவள் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். விரல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். இன்றைக்கும் அவளுக்குத் தனித்தட்டுதான், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. என் மகள் அந்தத் தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்துவிட்டால், தட்டையே தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மதாமுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. ஊருக்குப் போகும்வரைக்கும், அந்த நல்ல விரல்காரம்மா சௌக்கியமா என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சௌக்கியம் மதாம் என்று சித்தி சொல்வாளாம்.

அன்றைக்கு அந்தப் பாத்தியில் நடந்ததில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது.

அம்மாவின் கையை விட்ட அத்தை, வரப்பேறி நேராக வாய்க்காலுக்குப் போனாள். குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் உப்புத் தண்ணீரில் விட்டாள். அடியிலிருந்து மண்ணை அள்ளி, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். விரலிடுக்கில் தேய்த்தாள். அவள் பின்னாலேயே அடுத்தவள் போனாள். அதற்கடுத்தவளும் போனாள். வரிசையில் எப்படி நின்றார்களோ அப்படியே வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து எல்லாரும் கழுவினார்கள். எரிச்சலில் அவர்கள் முகமெல்லாம் சுருங்கியது. ஆனால் ஒருத்தியும் நிறுத்தவில்லை. பட்டணத்துப் பொண்ணு என்று ஒருத்தியும் யாரையும் கிண்டல் பண்ணவில்லை.

என்ன ஆச்சு என்று மதாம் கேட்டார். கேக் சாப்பிடுவதற்காகக் கழுவுகிறார்கள் என்று சித்தி சொன்னாள். மதாம் கொண்டுவந்த தகர டப்பாவில் கேக் இருந்தது. அவர் ஊர்க் கேக், வெண்ணெய் நிறையப் போட்டு, மேலே கொஞ்சம் உப்புத் தூவினது. இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டப்பாவைத் திறந்து, நல்ல விரலுக்குப் பரிசு என்பது போல அதை அம்மாவின் கையிலேயே கொடுத்து, எல்லாருக்கும் நீங்களே கொடுங்கள் என்று சைகை காட்டினார். அம்மா டப்பாவை ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, வரப்பில் இறக்கி வைத்தாள்.

சித்தி சொன்னதை நானும் அப்படியே நம்பினேன். அப்படியானால் இது எவ்வளவு உசத்தியான கேக்காக இருக்கவேண்டும்! வேலை நடுவில், கை எரிகிறதையும் பார்க்காமல் இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்களே! நானும் ஓடிப்போய் அத்தைக்குப் பக்கத்தில் குந்தினேன். அத்தை கொஞ்சம் நகர்ந்தாள். எனக்கு இடம் விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் தேய்த்த மாதிரியே மண்ணை அள்ளி, ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கெல்லாம் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி எரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

திரும்பி ஓடி வந்தபோது பாத்தி நடுவில் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். துணியை மறுபடி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி, அத்தனை பேரும் ஆடின கால்தடம் வட்டமாக இருந்தது. தரை நன்றாகத்தான் இறுகியிருந்தது. நான் இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் விரித்துக் காட்டினேன்.

"பாரும்மா, கழுவிட்டேன்."

அம்மா குனிந்து பார்த்தாள். தொடாமல், ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா தேச்சியா?"

"தேச்சேன்."

"போய் இன்னொரு தரம் கழுவிட்டு வா."

நகக்கண்ணில் களி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். பெண்கள் எழுந்து தூரத்து வரப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருத்தியும் தொடவில்லை. வாய்க்கால் முழுக்க எனக்கே எனக்கு. அவ்வளவு கேக்கும் எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில், மதாமுடைய வரியைப் பாடிக்கொண்டே தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.